எந்தக் கை என்று கேட்டபோது

"உம்மா, நான் வாப்பாவுக்குக் குடுக்கணுமா? ஓம் எண்டா ஓம் எண்டு சொல்லுங்க, இல்லாட்டி இல்ல எண்டு சொல்லுங்க." வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவில் இவ்வளவுதான் இருந்தது. பின்னால், நீ வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் பாத்திரங்கள் மோதும் சத்தம். ஏழு தடவை கேட்டேன். எனக்குப் பதில் தெரியாது மகன். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள் நான். தெரியாததைத் தெரியாது என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லப் பழகியவள். உன் சிறுநீரகங்களில் ஒன்றை உன் வாப்பாவுக்குக் கொடுக்கவேண்டுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நீ அந்தக் கேள்வியை ஒரு குற்றவாளியைப் போலக் கேட்கிறாய் என்பது மட்டும் தெரிகிறது. வாப்பாவின் கையைக் கெடுத்தவன் நான், அதனால்தான் அவர் இந்த நிலைக்கு வந்தார், ஆகவே நான்தான் கொடுக்கவேண்டும் என்று உன் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கின் முதல் வரியே பிழை. பிழை என்று ஐந்து வருடமாக எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன்னைப் பற்றிய கதை மதுரங்குளியிலிருந்து தில்லையடி வரைக்கும் போய்விட்டது. கலியாண வீடுகளில் கதைத்தார்கள், என் பாடசாலை ஆசிரியர் அறையில் கதைத்தார்கள். பொய் ஊரெல்லாம் சுற்றும்போது, உண்மை மட்டும் உன் தொலைபேசிக்குள் கிடப்பது நியாயமில்லை. பெயர்களை விட்டுவிட்டேன். தெரிய வேண்டியவர்களுக்கு எப்படியும் தெரியும்.

உன் வாப்பாவின் இடக்கையிலிருந்து தொடங்குகிறேன். அந்த உள்ளங்கையின் நடுவில் பத்து சத நாணயம் அளவில் ஒரு தழும்பு இருப்பதை நீ கண்டிருப்பாய். மீன் முள் என்று உனக்குச் சொல்லியிருப்பார். முள் இல்லை. ஐந்து வயதில் இடக்கையால் சோறு அள்ளினார் என்று அவருடைய வாப்பா அடுப்பிலிருந்த அகப்பைக் கம்பியைக் காயவைத்து வைத்த சூடு. இடக்கையால் தின்னுகிறவனோடு சைத்தானும் சேர்ந்து தின்னுவான் என்று சொல்லிச் சொல்லி வைத்தாராம். பாடசாலையில் எழுதும்போது விரற்கணுவில் அடிமட்டக் கோலால் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். அதன்பின் உன் வாப்பா வலக்கையால் தின்றார், வலக்கையால் எழுதினார், வலக்கையால் சலாம் கொடுத்தார். ஊர் காணுகிற எல்லாவற்றையும் வலக்கை செய்தது. ஆனால் முந்தலில் இறால் பண்ணையில் பார்த்தால் வேறு ஆள். வளர்ச்சி பார்க்க வீச்சுவலை எறிவது இடக்கை. தேங்காய் உரிப்பது இடக்கை. கத்தி பிடிப்பது இடக்கை. அடிப்பதும் இடக்கை.

கலியாணம் முடிந்து நாலாவது மாதம் முதல் அடி விழுந்தபோது எனக்கு அதுதான் விளங்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து அடி வரும் என்று உடம்பு எதிர்பார்க்காது. அது அந்தப் பக்கத்தால்தான் வரும். எதற்காக அடித்தார் என்பது இப்போது ஞாபகமில்லை. சுவரில் தலை பட்ட இடம் ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஒன்பது வயதில், பண்ணைக் குளத்தில் வாளியைத் தவறவிட்டதற்காக ஒரு அறை. உன் வலக்காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது. நீ இன்றைக்கும் தொலைபேசியை இடக்காதில் வைத்துத்தான் கதைக்கிறாய். அது பழக்கம் என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். அது பழக்கம் இல்லை மகன், அது ஒரு கையின் அடையாளம். அன்றைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குளக்கட்டில் வழுக்கி விழுந்தான் என்று சொன்னவள் நான். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் உன் காற்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய சிறுநீரக வருத்தம் எப்போது தொடங்கியது என்று டொக்டர்மார் கேட்பார்கள். யாருக்கும் தெரியாது என்று அவர் சொல்வார். எனக்குத் தெரியும். உனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது கழிவறையில் நுரை நிற்கத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றினாலும் கலையாத நுரை. சிறுநீரில் புரதம் போகிறது என்று விளங்குவதற்குப் பட்டம் தேவையில்லை. எனக்குப் பட்டமும் இருந்தது. பிரஷருக்கும் சீனிக்கும் கொடுத்த குளிசைகளை அவர் குளத்தில் எறிந்துவிட்டு வருவதும் தெரியும். ஒரு நாள் சாப்பாட்டின்போது சொன்னேன். "நீ என்ன, எனக்கும் ரீச்சரா?" என்று கேட்டார். சோற்றுக் கோப்பை சுவரில் உடைந்தது, கறி என் தலைமயிரில் இருந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. நான்கு வருடம் அந்த நுரையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். பயத்தால் என்று சொன்னால் பாதிதான் உண்மை. சொல்லி அடி வாங்குவதைவிடச் சொல்லாமல் பார்த்திருப்பது லேசு என்பது மற்றப் பாதி.

கால் வீங்கி, முகம் ஊதி, ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் மூச்செடுக்க முடியாமல் வாசல்படியில் குந்திக்கொண்டார். நெஞ்சுக்குள் தண்ணீர். ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன, இனி மெஷின்தான் என்றார்கள். அதற்குக் கையில் ஒரு பிஸ்டுலா செய்யவேண்டும். நாடியையும் நாளத்தையும் தோலுக்கடியில் இணைத்துவிடுவது. நாளம் கயிறு மாதிரித் தடிக்கும், அதில்தான் தடித்த ஊசி இரண்டும் ஏற்றுவார்கள். எந்தக் கையை ஆள் குறைவாகப் பாவிக்கிறாரோ அந்தக் கையில் செய்வதுதான் முறை. ஏனென்றால் அதன்பின் அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அதன்மேல் படுக்கக்கூடாது, மணிக்கூடு கட்டக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, இரத்தம் எடுக்கக்கூடாது. அந்தக் கையில் அடி படவே கூடாது. பட்டால் நாடி திறந்தது போல இரத்தம் பாயும்.

வார்டில் இருபது பேர் இருந்தார்கள். அவருடைய ராத்தா, உன் மாமி, கட்டில் கால்மாட்டில் நின்றார். நேர்ஸ் மிஸ் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார், "எந்தக் கையால வேல செய்யிற?" உன் வாப்பா இருபது பேரையும் ஒரு தடவை பார்த்தார். "சோத்துக் கைதான். வலது" என்றார். மிஸ் என் பக்கம் திரும்பி, அப்படித்தானே என்று கேட்டார்.

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் உனக்கு எழுத வந்தேன். அவர் பொய் சொன்னதற்கு வெட்கம் காரணம். ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்த மனிதன், உள்ளங்கையில் சூடு வாங்கிய பிள்ளையாகவே இன்னும் இருந்தார். நான் சொன்னதற்கு வெட்கம் காரணமில்லை. பிஸ்டுலா இடக்கைக்குப் போனால் அந்தக் கை அடிப்பது நிற்கும், அது போதும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சரியில்லை. நினைக்கவே நேரம் எடுக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் பிறகு எங்களை இருத்தி வைத்து, இந்தக் கையைக் கண்ணாடி மாதிரிப் பார்க்கவேண்டும், இதுதான் இவருடைய உயிர் என்று விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன். த்ரீவீலில் வீட்டுக்கு வரும்போது என் உடம்பு இலேசாக இருந்தது. கலியாணம் முடித்து பதினெட்டு வருடத்தில் முதல்தடவையாக அவருக்கு இடப்பக்கத்தில், அந்த இடக்கைக்கு எட்டுகிற தூரத்தில், பயமில்லாமல் இருந்தேன்.

இரண்டு வருடம் அந்தக் கை அடிக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அடித்தது நான் என்றுதான் சொல்லவேண்டும். திங்களும் வியாழனும் மெஷின். இடையில் ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான், தேநீர், கஞ்சி, குளிசை விழுங்குவது எல்லாம் சேர்த்து. இந்த வெக்கையில், உப்பளக் காற்று அடிக்கிற ஊரில், அரை லீற்றர். அது டொக்டர் சொன்ன அளவு. ஆனால் பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டது நான். குளியலறைப் பைப்பை வெளியிலிருந்து நிறுத்தியதும் நான். அவர் நாக்கு காய்ந்து, உதடு வெடித்து, ஐஸ் துண்டொன்று கேட்பார். நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். ஒரு தடவை பூட்டைக் காலால் உதைத்து உதைத்துப் பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு, கழிவு தேங்கினால் அப்படித்தான் அரிக்கும். சீப்பால் முதுகைச் சொறிந்து, படுக்கை விரிப்பெல்லாம் இரத்தக் கோடுகள். நான் சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவைக் கொடுத்தேன். ஒரு துளி பிசகவில்லை. கிளினிக்கில் என்னைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு மனைவி இருந்தால் நோயாளி பிழைப்பான் என்றார்கள். விதிகள் எல்லாம் சரியான விதிகள் மகன். நான் அவற்றைக் கையில் பிடித்த விதம்தான் சரியில்லை. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பத்தொன்பது வயது. வியாழனுக்கும் திங்களுக்கும் இடையிலான நீண்ட இடைவெளியில் ஞாயிறுதான் அவருக்கு மிகக் கெட்ட நாள். அதற்கு முந்திய கிழமை எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. இன்னும் ஏறினால் இதயம் சொல்லாமல் நிற்கும் என்றார்கள். அன்று லுஹர்த் தொழுகைக்குப் பிறகு உன் மாமி வந்தார். கையில் ஒரு குலை செவ்விளநீர், ஒரு பெரிய போத்தல் ஓதின தண்ணீர். இந்தத் தென்னங்காட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் செவ்விளநீர்தான் முதல் மருந்து. சூடு தணியும், சிறுநீர் போகும் என்பார்கள். சிறுநீரகம் போனவருக்கு அது பொட்டாசியக் கரைசல் என்பதை மாமிக்கு மூன்று தடவை சொல்லியிருந்தேன். மாமி என்னிடம் சொன்னதும் மூன்றாவது தடவைதான்: "தம்பி கருவாடு மாதிரி வத்திப் போய்ட்டான் தங்கச்சி. ரெண்டு தம்பிலி எளநி குடுத்தா ஒன்ட படிப்புக் குறைஞ்சி போகுமா?" சொல்லிவிட்டு மாமி அஸருக்கு முன்னால் போய்விட்டார். அதன்பின் நடந்ததை மாமி காணவில்லை. கண்டது நீயும் நானும் அவரும் மட்டும்.

நான் அந்தக் குலையை அப்படியே தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாக வெட்டி மணலில் ஊற்றினேன். ஆறு காய். மணல் குடித்த சத்தம் கேட்டது. ஓதின தண்ணீரையும் ஊற்றினேன். நீ உள்ளே இருந்தாய், நான் ஊற்றியதை நீ காணவில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பிறகு நடந்ததுதான். அவர் எழும்பி வந்தார். நான் காய் வெட்டிய கத்தியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தேன். அதை எடுத்தார். எந்தக் கையால் எடுத்தார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தடித்து நெளிந்த நாளம், ஊசி ஏறி ஏறித் தோல் பளபளத்து மெலிந்திருந்த அந்தக் கை, இரண்டு வருடமாகத் தூக்காத கை, தலைக்கு மேல் தூக்கப்பட்டது. "தண்ணி" என்று மட்டும் சொன்னார். கத்தி முதலில் அலுமாரிக் கதவில் பட்டது. அந்த வெட்டு இன்னும் இருக்கிறது. இரண்டாவது வெட்டு என் கழுத்துக்கு வரும்போதுதான் நீ நடுவில் பாய்ந்தாய். அவருடைய முன்கையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி அலுமாரி மூலையில் அடித்தாய். ஒரு தடவை. கத்தி விழுந்தது. பிறகும் ஒரு தடவை அடித்தாய்.

அந்த இரண்டாவது அடியைத்தான் நீ தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று நினைக்கிறேன். முதல் அடி என்னைக் காப்பாற்ற. இரண்டாவது உன் காதுக்கு. எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும்.

நாளம் வெடித்தது. இரத்தம் பைப் உடைந்தது போல விட்டு விட்டுப் பாய்ந்து கூரைத் தகட்டில் அடித்துத் திரும்ப நம் மேல் சொட்டியது. கலண்டர், சுவர், உன் வெள்ளைச் சேட்டு. அவர் அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெருவிரலை ஓட்டைக்குள் வைத்து அழுத்தினேன். துணி சுற்றாதே, விரலால் அழுத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்து என்று கிளினிக்கில் சொன்னது நினைவில் இருந்தது. உன்னைக் கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். நீ பிடித்தாய். உன் பல் அடித்துக்கொண்டது, ஆனால் பிடித்தாய். த்ரீவீலில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை நீ விடவில்லை, நானும் விடவில்லை. அங்கே என் விரலை அவர்கள்தான் விரித்து எடுத்தார்கள். எனக்கு நிமிர்த்த முடியவில்லை. அன்று அவர் உயிர் பிழைத்தது உன்னாலும்தான். இதையும் யாரும் ஊரில் சொல்லவில்லை.

தைத்தார்கள். ஆனால் இரண்டு நாளில் அந்த நாளத்தின் அதிர்வு நின்றுவிட்டது. காதை வைத்தால் வண்டு ரீங்கரிப்பது போலக் கேட்குமே, அது இல்லை. உறைந்துவிட்டது. பிறகு கழுத்தில் குழாய். கழுத்துக் குழாயில் கிருமி ஏறி, கட்டில் ஆட ஆட நடுங்கி, பதினொரு நாள் சாவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் இடையில் கிடந்தார். அவரிடம் கேட்டதை வைத்து மாமி ஊருக்குச் சொன்ன கதை ஒரே வசனம்: "மகன்காரன் வாப்பாட கைய ஒடைச்சிப் போட்டான்." கத்தி அதில் இல்லை. நான் ஊற்றிய ஆறு காயும் அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். கதவில் அடிபட்டது என்றேன். எனக்குக் கதவுகளும் படிகளும் எப்போதும் தயாராக இருந்தன. மூன்று மாதத்தில் நீ கட்டார் போனாய். விமான நிலையத்தில் உன் முதுகு வளைந்திருந்தது. உன்னைக் கூப்பிட்டு நான் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: அந்தப் பிஸ்டுலா வலக்கையில் இருந்திருந்தால் நீ பிடித்த கை வெறும் கை. முறிந்திருந்தாலும் மருந்துப் பத்துப் போட்டுச் சுகமாகியிருக்கும். அவருடைய உயிரை அடிக்கிற கையில் கொண்டுபோய் வைத்தது ஒரு பொய். அதற்கு ஓம் போட்டது நான். நீ அதில் பிறகு வந்து மாட்டியவன்.

சொன்னால் ஓம் போட்டதையும் சொல்லவேண்டி வரும் என்பதால் சொல்லவில்லை. இதற்கு மேல் நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

இப்போது பிஸ்டுலா வலக்கையில் இருக்கிறது. அதனால் இடக்கை திரும்ப விடுதலையாகிவிட்டது. பழைய பலம் இல்லை; ஆனால் கைக்கு எட்டுவதை எறிகிறார். உனக்கு இதைச் சொல்லவில்லை, சொன்னால் நீ வருவாய் என்பதால். மெஷினில் இருக்கும் நான்கு மணித்தியாலமும் வலக்கையை அசைக்க முடியாது, அதனால் பாண் துண்டையும் தேநீரையும் இடக்கையால்தான் எடுக்கிறார். முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றார். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டும் வரும் மகன், ஒன்றை ஒன்று அழிக்காது. அதை உனக்கு யாரும் படிப்பித்திருக்க மாட்டார்கள்.

வலக்கை நாளமும் மெலிந்து வருகிறது. இனிக் குத்த இடம் குறைவு, குடும்பத்தில் யாராவது கொடுத்தால் நல்லது என்று டொக்டர் சொன்னார். அதை மாமி உனக்குச் சொல்லியிருக்கிறார். மாமி சொல்லாதவற்றை நான் சொல்கிறேன். கொடுக்கிறவனைக் கொழும்பில் தனியாக இருத்தி விசாரிப்பார்கள். மாமியும் இருக்கமாட்டார், நானும் இருக்கமாட்டேன். அங்கே நீ வேண்டாம் என்று சொன்னால், பரிசோதனையில் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லக் கேட்கலாம். காரணத்தை வெளியே சொல்லமாட்டார்கள். கடைசி நிமிடம் வரை மனம் மாறலாம். இரண்டாவது, உன் வாப்பாவுக்கு இருந்த பிரஷரும் சீனியும் உன் இரத்தத்திலும் காத்திருக்கலாம். சமையலறையில் பதினாலு மணித்தியாலம் நின்று தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவன் நீ. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தக் கிழமையே இரத்தமும் சிறுநீரும் பார். நுரை நின்றால் என்னைப் போலத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகாதே. மூன்றாவது, புதுச் சிறுநீரகம் நிலைக்க ஆயுள் முழுக்க நேரம் தவறாமல் குளிசை போடவேண்டும். அவர் குளிசைகளை எங்கே போட்டார் என்பது உனக்குத் தெரியும். மாறியிருக்கலாம். எனக்கு உறுதியில்லை. நான் எதையும் இலேசில் நம்புகிறவள் இல்லை. அவர் மனந்திருந்திச் செய்த தௌபாவையும்தான், என்னுடையதையும்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு கொடுக்கத் தோன்றினால் கொடு. மனிதன் தன் வாப்பாவுக்குக் கொடுக்கலாம். அவர் நல்லவராக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் அந்த இரண்டாவது அடிக்காகக் கொடுக்காதே. அந்த அடிக்கு முன்னால் ஒரு "ஓம்" இருக்கிறது. அது என்னுடையது, அதை நீ சுமக்கவேண்டாம்.

இதுவரைக்கும் ஞாயிறு பின்னேரம் எழுதியது. உனக்கு அனுப்புவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் ஒழுங்கு என்று தோன்றியது. அவர் எழும்பிப் போக முடியாத இடத்தில் வாசித்தால் பாதுகாப்பு என்றும் தோன்றியது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் திங்கள். மெஷின் ஓடத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் இதை எழுதிய கொப்பியை எடுத்தேன். மெதுவான குரலில் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். உள்ளங்கைத் தழும்பு வந்தபோது இடக்கை மடங்கியது. "நான் ஓம் என்றேன்" என்ற இடத்தில் கண் திறந்தது. பக்கத்து மேசையில் தேநீர்ப் பிளாஸ்க் இருந்தது. எறிந்தார். குறி தவறவில்லை, வீச்சுவலைக் கை அல்லவா. வலப்புருவத்துக்கு மேலே பட்டது. வலக்கை அசைந்ததில் மெஷின் கத்தியது, மிஸ் ஓடிவந்து முதலில் ஊசியைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பார்த்தார். அன்று அட்டையோடு நின்றவர் இல்லை இவர், இளம் பிள்ளை. என் கண்ணுக்குள் இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். கதவும் படியும் வாயில் வந்து நின்றன.

இவர் எறிந்தார் என்று சொன்னேன். இடக்கைக்காரர், அட்டையில் வலது என்று இருக்கிறது, அது பொய், தெரிந்துகொண்டே ஓம் போட்டது நான், திருத்துங்கள் என்றும் சொன்னேன். மிஸ் அட்டையை எடுத்து, ஒரு சொல்லை வெட்டி மேலே எழுதினார். சுற்றிலும் ஆறு கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். உன் வாப்பா இந்தத் தடவை அவர்களைப் பார்க்கவில்லை. எனக்கு மூன்று தையல் போட்டார்கள். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தேன், கைக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு. மெஷின் முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்தவேண்டும். வழமையாக நான் அழுத்துவேன். அன்று அவரே இடக்கையால் அழுத்தினார்.

த்ரீவீல் மதுரங்குளிச் சந்தி தாண்டியதும் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மிச்சம் என்ன எழுதி இரிக்கி?"

"அந்த ஞாயிற்றுக்கிழம."

"கத்திய எழுதினியா?"

"எழுதின."

"எந்தக் கை எண்டு?"

"இடக்கை எண்டு."

வீட்டு வாசலில் த்ரீவீல் நின்றது. அவர் இறங்கவில்லை. ட்ரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு அனுப்பு" என்றார். பிறகு இடக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் உதவி இல்லாமல் இறங்கி, உள்ளே போனார்.